எட்டுப் பங்கில் ஒரு குடில்

ஒரு பொருளைத் தேடி ஆக்குவது எளிது. ஆக்கியதைப் பேரப்பிள்ளைகள் வரை பகையின்றிக் கொண்டு சேர்ப்பது அரிது. வயலாயின் வரப்பிட்டுப் பிரிக்கலாம். பொன்னாயின் நிறுத்துப் பிரிக்கலாம். பத்தடி அகலமும் பதினெட்டடி நீளமுமான ஓர் ஏரிக்கரைக் குடிலை எவ்வாறு பிரிப்பது? எங்கள் குடும்பத்தார் முன் சில ஆண்டுகளுக்கு முன்பு எழுந்த வினா இது. பல இல்லங்களில் இதே வினா வேறு உருவில் எழுந்து, உடன்பிறந்தாரை வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நிறுத்துவதைக் காண்கிறோம். ஆதலின் எங்கள் அனுபவத்தை வாசக அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

ஏரிக்கரையில் ஓய்வில்லம் என்றவுடன் மலைவாழிடங்களே பலருக்கும் நினைவில் எழும். மதுரையில் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் கொடைக்கானலில் ஏரி அமைத்தார். அதனைச் சூழ வெள்ளையரின் கோடை மனைகள் தோன்றின. பின்லாந்து நாட்டிலோ ஏரிக்கரைகளிலும் கடலோரங்களிலுமாக ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோடைக் குடில்கள் உள்ளன என்பர். ஆயினும் இத்தகைய இன்பம் செல்வர்க்கே உரியதன்று. ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் நம் வடாற்காட்டுச் சீமையில், கொல்லைக் காவலுக்கென எழுந்த கொட்டகைகள் எத்தனையோ குடும்பங்களுக்கு அதே இன்பத்தை அளித்துள்ளன.

எங்கள் குடில் அவ்வகையினது. திருவண்ணாமலைக்கு மேற்கே, செங்கம் சாலையிலிருந்து விலகிய ஒரு சிற்றூரின் ஏரியோரத்தில் அது நிற்கிறது. தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை கட்டி முடிந்த 1958-ஆம் ஆண்டில், மல்லாட்டைக் கொல்லையைக் காக்க எங்கள் பாட்டனார் அதனை எழுப்பினார். மண் சுவரும் பனையோலைக் கூரையுமாய் இருந்தது, பின்னர் தந்தையார் காலத்தில் செங்கற் சுவரும் ஓட்டுக் கூரையும் பெற்றது.

பாட்டனார் எழுத்தறிவு மிகுந்தவரல்லர். எனினும் ஒன்றில் உறுதியாயிருந்தார். ஏரியின் நிலம் ஊருக்கு உரியது, அதில் ஒரு சாண் எடுத்தாலும் மறுமையில் கழுத்தில் சுமக்க நேரும் என்பார். நீர் முட்ட நின்ற ஆண்டில் அதன் விளிம்பைக் கண்டறிந்து, அங்கிருந்து நாற்பது அடி தள்ளித் தம் பட்டா நிலத்திலேயே கால் நட்டார். 2007-இல் தமிழக அரசு ஏரிகளின் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் சட்டம் இயற்றியபோது, எங்களுக்கு அச்சம் எதுவும் எழாமற் போனதற்கு அந்த நாற்பது அடியே காரணம். 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையின் மலைச்சரிவு இடிந்து ஏழு உயிர்கள் மண்ணில் புதையுண்ட அத்துயர நாளிலும், எங்கள் ஏரி நிரம்பிக் குடிலின் வாயிற்படிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது.

அக்குடிலில் நாங்கள் பெற்றவை பல. ஏரி கோடி போகும் நாளில் கூடையுடன் இறங்கிக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தோம். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி நீந்தப் பழகினோம். அஸர் தொழுகைக்குப் பின் தந்தையார் பாறைமேல் அமர்ந்து, அரபி இலக்கணத்தின் வினைத் திரிபுகளை எமக்கு மனப்பாடம் செய்விப்பார். கார்த்திகை மாதத்தில் 2,668 அடி உயர்ந்த மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும்போது, பக்கத்துக் கொல்லைக்காரர் பிள்ளைகளும் நாங்களும் ஒரே திண்ணையிலிருந்து அதைப் பார்த்திருப்போம். அவர்கள் கைகூப்புவர், நாங்கள் அவர்கள் கொணர்ந்த பொரியை உண்போம். ரமளானில் நோன்புக் கஞ்சி எங்கள் அடுப்பிலிருந்து அவர்கள் இல்லத்துக்குச் செல்லும். இப்பொழுது நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் கைப்பேசியுடன் வருகின்றனர். நீர்க்காகம் மூழ்கி எழும் இடத்தை முன்கூட்டிச் சொல்லும் போட்டி தொடங்கிவிட்டால், கைப்பேசி திண்ணையில் கிடக்கும்.

2016-இல் தந்தையார் இறையடி சேர்ந்தார். தாயாரும், ஆண்மக்கள் இருவரும், பெண்மக்கள் மூவரும் வாரிசுகள். ஃபராயிள் கணக்கின்படி தாயாருக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில் ஆண்மக்களுக்கு இவ்விரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. கணக்குச் சிறிதும் பிசகின்றி எட்டாய் முடிந்தது. குடில் மட்டும் எட்டாய்ப் பிரிய மறுத்தது.

கிரிவலத்துக்கு வரும் கூட்டம் பெருகப் பெருகச் சுற்றூர்களிலும் மனைவிலை ஏறிற்று. தரகர் ஒருவர் நல்ல விலை சொன்னார். மக்களின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் தேவைப்பட்ட எங்கள் இளவல் விற்கலாம் என்றார். அவர் மீது குறை காண இடமில்லை. பங்கு அவருடையது, தேவையும் மெய்யானது. வேறொரு உறவினர், பெண்மக்களிடம் ஆளுக்கொரு தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கிவிடலாம் என்று யோசனை கூறினார். அப்போது எங்கள் மூத்த தமக்கையார் சொன்னது இன்னும் செவியில் நிற்கிறது: "பங்கை விற்றால் பணம் வரும், தம்பி. ஆனால் அத்தாவின் இடத்துக்கு விருந்தாளியாய் இல்லாமல் உரிமையோடு வந்து போக எனக்கு வேறு எது இருக்கிறது?"

பெண்ணின் இப்பங்கு எளிதில் வந்ததன்று. ஷரீஅத் சட்டம் 1937-இல் இயற்றப்பட்டபோது விவசாய நிலம் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்த பின்னரே, நிலத்திலும் அவ்விதி இங்கு நடைமுறைக்கு வந்தது. இறைவன் வகுத்ததை நாட்டுச் சட்டமும் ஏற்ற பிறகு, நாமே ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அதைக் கரைத்துவிடுவது முறையாகுமா?

குடும்ப வக்ஃபாக எழுதி வைக்கலாமே என்றும் ஓர் எண்ணம் எழுந்தது. 1894-இல் பிரிவி கவுன்சில் செல்லாதென்று தீர்த்த அவ்வகை வக்ஃபுக்கு, 1913-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் உயிரளித்தது. ஆயினும் வக்ஃபு செய்துவிட்டால் அவரவர் பங்கு அவரவர் கையை விட்டு அகன்றுவிடும். இளவலின் இடர் தீர அது வழியாகாது.

அப்போது தான் நம் கிதாபுகளில் ஓதிய முஹாயஆ என்னும் பாடம் துணைக்கு வந்தது. பிரிக்க இயலாத பொருளின் பயனைப் பங்காளிகள் முறை வைத்துத் துய்ப்பதே அது. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு ஹனஃபி ஃபிக்ஹைத் தொகுத்து வெளியிட்ட மஜல்லா, 1174-ஆம் விதியில் இதனைப் பயனின் பங்கீடு என்று வரையறுத்து, அடுத்து வரும் விதிகளில் காலத்தால் பிரிப்பது, இடத்தால் பிரிப்பது என இருவகை காட்டுகிறது. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கு ஒரு நாளும் ஊராருக்கு ஒரு நாளுமாக நீர் முறை வைக்கப்பட்ட வரலாற்றை ஃபுகஹாக்கள் இதற்குச் சான்றாக எடுத்தாள்வர். நம் உழவரும் ஏரி நீர் குறைந்தால் மடையை முறை வைத்துத்தானே திறக்கின்றனர்! நீருக்குப் பொருந்துவது, நீரருகே நிற்கும் குடிலுக்கும் பொருந்தாதா?

எட்டு வாரம் ஒரு சுற்று என்று எழுதிக்கொண்டோம். ஆண்மக்களுக்கு இவ்விரண்டு வாரம், பெண்மக்களுக்கு ஒவ்வொரு வாரம், தாயாருக்கு ஒரு வாரம். தம் வாரத்தில் வருபவர் கூரையைப் பார்த்து, ஓடு உடைந்திருந்தால் மாற்றிச் செல்ல வேண்டும், பெருஞ்செலவு பங்கின்படி. இளவலின் கல்விச் செலவுக்கு மற்ற நால்வரும் சேர்ந்து கர்ளு ஹஸனாக, வட்டியின்றிக் கடன் அளித்தோம். அவர் நான்கு ஆண்டுகளில் அதை அடைத்தார்; இப்பொழுது தம் இரண்டு வாரங்களிலும் தவறாது வருபவரும் அவரே.

இவ்வேற்பாட்டின் வலிமையை மிகைப்படுத்த வேண்டா. பங்காளி ஒருவர் பிரித்துத் தருக என்று உறுதியாய்க் கேட்பாராயின், முறை முறிந்துவிடும். அதைக் காப்பது தாள் அன்று. கேட்க உரிமையுள்ளவர் கேளாதிருக்கும் பெருந்தன்மை. அப்பெருந்தன்மையோ, ஒவ்வொருவர் பங்கும் குறைவின்றி ஒப்புக்கொள்ளப்பட்ட இடத்தில் மட்டுமே வளரும்.

தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. தம் வாரத்தில் அவர்கள் தனித்து வருவதில்லை. மக்களும் பேரரும் கொள்ளுப்பேரரும் ஒருங்கே வரவேண்டும் என்பது கட்டளை. அவ்வாரத்தில் குடில் கொள்ளாது. ஆண்பிள்ளைகள் புளியமரத்தடியில் பாய் விரிப்பர். அவர்களின் பங்கும் ஒரு நாள் எங்களை வந்தடையும்; அப்பொழுது எட்டு வாரம் ஏழாகும். கணக்கு அப்போதும் பிசகாது. எல்லோரையும் அழைக்கும் வாரம் எதுவென்று கணக்கு சொல்லாது. அதற்குத் தம் ஒற்றை வாரத்தை விட்டுத் தருவதாக மூத்த தமக்கையார் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.