ஒரு வரைகலை அட்டையும் பத்தாம் வகுப்பும்

தமிழ் வளர்ச்சி குறித்து ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் அன்புடன் கேட்டிருந்தனர். அப்பெரும் பொருளை என்னிலும் தகுதி வாய்ந்தவர்கள் இம்மலரில் எழுதுவார்கள். நானோ 2025 ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் பத்தாம் வகுப்பு மாணவர் ஐவரோடு சேர்ந்து ஒரு கணினியுடன் பட்ட பாட்டினை எழுத விழைகின்றேன். இடையிடையே இயந்திர விடயங்கள் வரும், வாசகர்கள் பொறுத்தருள்க.

எமது பாடசாலையின் அலுமாரியில் 38 ஒளிநாடாக்கள் உள்ளன. 1993 ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்ற கலைவிழாக்கள் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. காந்த நாடா என்றென்றும் நிலைப்பதன்று. ஆண்டுகள் செல்லச் செல்லப் படம் பனி பெய்தாற்போல மங்கிவிடும். பெற்றார் ஒருவர் அவற்றையெல்லாம் கணினிக் கோப்புகளாக மாற்றித் தந்தார். எனினும் வேண்டாதவற்றை வெட்டி, ஒளியைத் திருத்தி, இரைச்சலுக்குள் அமிழ்ந்த பேச்சை மீட்கும் வேலை எஞ்சியிருந்தது. அதற்கான மென்பொருளைப் பாடசாலை முன்னரே விலைகொடுத்து வாங்கியிருந்தது. அது விண்டோஸில் மாத்திரமே இயங்கும்.

எம்மிடம் இருப்பதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினி. விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதி அதற்கு இல்லை. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோரின் விபரங்களும் இருக்கும் கணினியை அந்நிலையில் இணையத்தில் விடுவது தகாது. ஆகவே கணினியில் லினக்ஸை நிறுவி, அதனுள்ளே விண்டோஸ் 10 ஐ இணையத் தொடர்பற்ற ஒரு மெய்நிகர்க் கணினியாக வைப்பதென்று முடிவாயிற்று.

மெய்நிகர்க் கணினி என்பது கணினிக்குள் ஒரு கணினி. இதற்கான கே.வீ.எம். என்னும் பகுதி 2007 ஆம் ஆண்டில் லினக்ஸின் கருவில் சேர்க்கப்பட்டது. வெளியே இருப்பதை விருந்தோம்புநர் என்றும் உள்ளே இருப்பதை விருந்தினர் என்றும் கொள்வது இத்துறையின் மரபு. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்ற பொருள் தொல்காப்பியத்திலேயே உண்டு என்று நான் சொல்லத் தொடங்கியபொழுது, ஒரு மாணவன் கொட்டாவி விட்டான். அதனை விட்டு அட்டைக்கு வந்தோம்.

விருந்தினர் காண்கின்ற வரைகலை அட்டை மெய்யான அட்டையன்று, பாவனை அட்டை. கடிதம் எழுத அது போதும். திரைப்படம் வெட்டப் போதாது; படம் ஒவ்வொரு சட்டமாக நொண்டி நொண்டி நகரும். இதற்குத் தீர்வு, பெட்டிக்குள் இருக்கும் மெய்யான அட்டையை விருந்தினரிடம் முற்றாக ஒப்படைப்பதாகும். அதற்குப் பிள்ளைகள் 'கையளிப்பு' என்று பெயர் வைத்தனர். அகராதி தந்த சொல்லிலும் இது நன்றாக இருந்தது.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். அந்த ஐவரில் மூவர் அடுத்த ஆண்டு வரப்போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் அம்மம்மாவுடன் உணவும் உறக்கமும் பற்றித் தமிழில் பேசுகின்றனர். எம்மிடம் வந்து புணர்ச்சி விதி படிக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே தமிழுக்கு அவர்களிடம் ஒரு வேலையும் இல்லை. மூளையைக் கசக்க வேண்டியவை எல்லாம் டொச் மொழியில் நடைபெறுகின்றன. என்னுடைய டொச் பண்டகசாலையில் பெட்டி அடுக்கப் போதுமானது. வன்னியில் கணிதம் கற்பித்த காலத்திலிருந்து ஆங்கிலக் கையேடுகளை அகராதியோடு வாசித்துப் பழகியவனாதலால் விடயம் விளங்கும். விளக்குவதற்குத் தமிழ் ஒன்றே என்னிடம் உண்டு. ஆகவே அவர்களும் தமிழிற்றான் என்னோடு வாதாட வேண்டியதாயிற்று.

ஒரு கொப்பி வைத்தோம். விதி ஒன்றே: ஒரு தடவையில் ஒரு மாற்றம். மாற்றுமுன் எதனை எதிர்பார்க்கின்றோம், மாற்றிய பின் எதனைக் கண்டோம் என்று தமிழில் எழுதவேண்டும். "வேலை செய்யவில்லை" என்று எழுதுவது தடை. திரை கறுத்ததா, உறைந்ததா, என்ன செய்தி வந்தது என்று எழுதவேண்டும்.

முதலாவது தடை நினைவகம் பற்றியது. வரைகலை அட்டை செயலியைக் கேளாமலே நினைவகத்தில் நேரடியாக எழுதவல்லது. விருந்தினரோ தம்முடைய நினைவகம் பூச்சியத்தில் தொடங்குவதாக நம்பிக்கொண்டிருப்பவர். உண்மையில் அவருக்கு ஒதுக்கிய இடம் வேறெங்கோ இருக்கின்றது. அவர் சொன்ன முகவரியில் அட்டை அப்படியே எழுதிவிட்டால், அழிவது வீட்டுக்காரரின் பொருள். ஆகவே இடையில் நின்று முகவரியை மாற்றி எழுதும் ஓர் உறுப்பு வேண்டும். ஐ.ஓ.எம்.எம்.யூ. என்பது அதுவே, இன்ரெல் நிறுவனத்தார் அதனை வீ.ரீ-டீ என்பர். பிள்ளைகள் 'தபாற்காரர்' என்றனர். எமது கணினியில் தபாற்காரர் இருந்தார். பயோஸ் அமைப்பில் அவர் உறங்கவைக்கப்பட்டிருந்தார். அவரை எழுப்பி, லினக்ஸின் தொடக்க வரியிலும் ஒரு சொல் சேர்த்தோம்.

அடுத்தது குடும்பப் பிரச்சினை. தபாற்காரர் பொருள்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. தம்முள் பிரிக்க இயலாதவற்றை ஒரு குழுவாகவே பார்க்கின்றார். 2012 ஆம் ஆண்டில் லினக்ஸில் சேர்ந்த வீ.எப்.ஐ.ஓ. என்னும் அமைப்பும், ஒரு குழுவில் ஒன்றை விருந்தினருக்கும் மற்றையதை வீட்டுக்காரருக்கும் தர இடமளியாது. அட்டையோடு அதன் ஒலிப்பகுதி சேர்ந்திருந்தது இயல்பே. ஆனால் கணினியின் வலைத்தொடர்புக் கருவியும் அதே குழுவில் இருந்தது! அதனையும் கையளித்தால் வீட்டுக்காரருக்கு இணையம் இல்லை. குழுக்களைப் பிரித்துக் காட்டுமாறு லினக்ஸை ஏமாற்றும் ஒட்டு ஒன்று உண்டு. ஒரு மாணவன் அதனையே விரும்பினான். பிரியாதவற்றைப் பிரிந்தவை என்று சொன்னால் காவல் தளரும் என்பதால் நான் உடன்படவில்லை. அட்டையைக் கழற்றிச் செயலியோடு நேரே இணைந்த மற்றைய செருகிடத்தில் இட்டோம். குழு பிரிந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் ஒரு தந்தையார் வாசலில் நின்று, "மாஸ்டர், பிள்ளையளைத் தமிழ் படிக்க அனுப்பினால் நீங்கள் கொம்பியூட்டர் கழட்டுறியளாம்" என்றார். கொப்பியைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வாசித்தார். தம் மகன் எழுதியது எது என்று கேட்டார். எழுத்துப் பிழைகள் மலிந்த பக்கம் அது. திருப்பித் தந்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

புதிய செருகிடம் புதிய தொல்லையைத் தந்தது. கணினி விழிக்கும்பொழுதே அந்த அட்டையில் தன் முதற்படத்தை வரைந்து, அதன் நினைவகப் பகுதியைப் பிடித்துக்கொண்டது. லினக்ஸின் இயக்கி மென்பொருளும் எமக்கு முன்னரே அட்டையைக் கைப்பற்றியது. விருந்தினருக்கு எஞ்சியது கறுத்த திரை. இரு சனிக்கிழமைகள் இதில் கழிந்தன. முடிவில், முதற்படத்தைத் தாய்ப்பலகையின் உள்ளமைந்த வரைகலையில் வரையுமாறு பயோஸில் மாற்றினோம். அட்டையின் அடையாள எண்களை வீ.எப்.ஐ.ஓ. முந்திப் பிடிக்குமாறு தொடக்கக் கோப்பிலே எழுதினோம். "வீட்டுக்காரர் தொடமுதல் விருந்தினருக்கு எண்டு எழுதி வைக்கவேணும்" என்று அம்மாணவி கொப்பியில் எழுதியிருக்கின்றாள். பேச்சுத் தமிழ்தான், திருத்த மனம் வரவில்லை.

கடைசித் தடை விண்டோஸுக்குள் இருந்தது. அட்டையைக் கண்டது, உடனே குறியீடு 43 என்று கூறி நிறுத்திவிட்டது. பழைய இயக்கி மென்பொருள், தான் இருப்பது மெய்நிகர்க் கணினி என்று அறிந்தால் வேலை செய்ய மறுத்துவிடும். அட்டையில் பழுதில்லை, விருந்தினர் என்பதே குற்றம். இந்நாட்டில் 'டுல்டுங்' தாளோடு ஆண்டுகள் கழித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒரு பிள்ளை, "சேர், நீங்களும் குறியீடு 43 ஓ?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தோம்.

மெய்நிகர்க் கணினி என்பதை மறைத்துவிடும் வழி பலகாலமாக வழக்கில் இருந்தது. ஆயினும் அவ்வட்டையைச் செய்தவர்கள் 2021 ஆம் ஆண்டில் அத்தடையை நீக்கிவிட்டமையால், மறைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. புதிய இயக்கியை நினைவுக்குச்சியில் கொண்டுவந்து நிறுவினோம். படம் ஓடியது.

முதலில் திறந்தது 1993 ஆம் ஆண்டின் நாடா. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடையில் பாட்டின் நடுவில் நின்றுவிடுகின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் மெல்ல அடியெடுத்துக் கொடுக்கின்றது. அந்தச் சிறுமி எமது மாணவியின் தாயார். ஐந்து மணிக்கு மகளை அழைத்துச் செல்ல வந்தவர் அதனைப் பார்த்தார். தம்மை அவர் பார்க்கவில்லை. "அது அம்மான்ர குரல்" என்றார். அவருடைய தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அக்குரலை மட்டும் தெளிவாக்கித் தரமுடியுமா என்று கேட்டார். முயல்கின்றோம் என்று அவருடைய மகள் எங்கள் எல்லோருக்குமாகப் பதில் சொன்னாள்.

மூவரில் இருவர் இவ்வாண்டும் வருகின்றனர். ஒருவன் நின்றுவிட்டான், உதைபந்தாட்டப் பயிற்சி சனிக்கிழமைகளில் என்றான். இதுவரை 12 நாடாக்கள் முடிந்துள்ளன. அட்டை வழியாக வரும் ஒலி இன்னமும் இடையிடையே கீறுகின்றது. குறுக்கீட்டுச் செய்திகளை விருந்தினர் பெற்றுக்கொள்ளும் முறையை மாற்றவேண்டும் என்பது பிள்ளைகளின் ஊகம். கொப்பியில் 'எதிர்பார்ப்பது' என்ற பகுதி எழுதியாயிற்று. 'கண்டது' என்ற பகுதி வரும் சனிக்கிழமைக்காக வெறுமையாக இருக்கின்றது.