பிங் வருதே, அப்புறம் என்ன?

குர்காவ்னுக்குப் பொட்டி தட்ட வந்ததிலிருந்து (ஊர் பேரை 2016-லேயே குருகிராம்னு மாத்திட்டாங்க, வாய்தான் இன்னும் மாறலை) நான் அதிகமா பேசின இந்தி வாக்கியம் எதுன்னு கேட்டா, "பிங் தோ ஆ ரஹா ஹை" தான். பிங் வருதேன்னு அர்த்தம். உள்ளர்த்தம், "கோளாறு உங்க பக்கம், போனை வைங்க."

2019-ல் ஒரு திங்கட்கிழமை. ராய்ப்பூர் கிளையிலிருந்து அக்கவுண்டண்ட் கூப்பிட்டார். ரிட்டயர் ஆகப்போற வயசு, ஆனாலும் என்னை "சார்"னுதான் சொல்வார். பில் போடுற சாஃப்ட்வேர்ல லாகின் ஆகுதாம், பழைய பில் லிஸ்ட்டைத் திறந்தா மட்டும் சுத்திக்கிட்டே இருக்காம். மானிட்டரைப் பார்த்தேன். பச்சை. ஒரு பாக்கெட்கூட தொலையலை, போய்வர 35 மில்லிசெகண்ட். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்.

செவ்வாயும் அதே. புதன்கிழமை அவர் கிளை மேனேஜரே போனை வாங்கி, "இவருக்குக் கம்ப்யூட்டர் சரியா வராது சார், தப்பா நினைக்காதீங்க"ன்னார். பின்னாடி அந்த மனுஷர் ஏதோ சொல்ல வந்தது கேட்டது. நானும் சிரிச்சு வச்சேன்.

பிங்கை 1983 டிசம்பர்ல எழுதினவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒண்ணுல வேலை பார்த்தவர், ஒரு நெட்வொர்க் கோளாறைப் பிடிக்க ஒரே சாயங்காலத்துல எழுதினார். சோனார் சத்தம்தான் பேரு. அது கேக்குறது ஒரே கேள்வி: இருக்கியா? அதுக்குப் பதில் சொல்றதும் ஆபரேட்டிங் சிஸ்டம்தான், நம்ம சாஃப்ட்வேர் இல்லை. கேள்வியும் குட்டி. லினக்ஸ்ல 56 பைட் டேட்டா, தலைப்பெல்லாம் சேர்த்தா 84. பில் லிஸ்ட் வர்றதோ 1500 பைட் பாக்கெட்டா. சந்துக்குள்ள சைக்கிளை ஓட்டிப் பார்த்துட்டு லாரி தாராளமா போகும்னு சொன்ன கதை.

வியாழக்கிழமைதான் உறைச்சது. "துண்டாக்காதே"ங்கிற குறியோட 1472 பைட் டேட்டா வச்சு பிங் விட்டேன் (தலைப்பு 28 சேர்ந்தா சரியா 1500). நிசப்தம். குறைச்சுக்கிட்டே வந்தேன். 1448-க்கு பதில் வந்தது, 1449-க்கு இல்லை. வித்தியாசம் 24 பைட். ஜிஆர்ஈ டனல் தனக்குன்னு எடுத்துக்குற அளவு அது. லைன் கொடுத்தவங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி பாதையை மாத்தி நடுவுல டனல் போட்டிருக்காங்க.

சரி, அவங்க மேல பழியைப் போட்டுட்டுப் போயிடலாம்னா, அதுவும் முடியலை. இப்படி லாரி மாட்டினா, மாட்டின இடத்துல இருக்குற ரூட்டர் "சின்னதா அனுப்பு"ன்னு சர்வருக்குத் தகவல் அனுப்பும். சர்வரும் அளவைக் குறைச்சுக்கும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அந்தத் தகவலும் பிங் மாதிரியே ஐசிஎம்பி வகைதான். எங்க ஃபயர்வால்ல பிங் கேள்வி, பிங் பதில் ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்த ஐசிஎம்பி எல்லாத்தையும் தடுத்து ஒரு விதி. பாதுகாப்பாம். எழுதினது யாரு? அடியேன்தான், அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

விதியைத் திருத்த ரெண்டு நிமிஷம். ராய்ப்பூர்ல லிஸ்ட் திறந்தது. அதுக்குள்ள அவர் நாலு நாள் பில்லைக் கையால எழுதியிருந்தார். அதையெல்லாம் ஏத்த ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வரணும்னு மேனேஜர் உத்தரவு.

மானிட்டர்ல இப்போ ஒவ்வொரு கிளைக்கும் ரெண்டு பிங் ஓடுது, சின்னது ஒண்ணு, 1400 பைட்ல ஒண்ணு. அன்னிக்கு மேலிடத்துக்குப் போட்ட மெயில்ல "கான்ஃபிகரேஷன் பிரச்சினை, சரி செய்யப்பட்டது"ன்னுதான் எழுதினேன். யாரோட கான்ஃபிகரேஷன்னு எழுதலை. சனிக்கிழமை அவருக்குப் போன் பண்ணி, தப்பு என்னோடதுன்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "சார், இதை எங்க மேனேஜர்கிட்டயும் ஒரு தடவை சொல்ல முடியுமா?"

சொன்னேன். கான்ஃபரன்ஸ் கால் போட்டு, அவரையும் லைன்ல வச்சுக்கிட்டு.