துளையில்லாத ஊசி

முற்றிய புற்றுநோயால் வலியுற்றிருந்த 298 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு அக்குபங்சர் ஊசியும் மறு சாராருக்கு உடல் பிடித்துவிடுதலும் வாராவாரம் பத்து வாரம் செய்து, பிறகு மாதத்துக்கொரு முறையாக 26 வாரம் வரை தொடர்ந்ததில், இருவகையாருக்குமே வலி தணிந்ததென்றும், ஒன்றையொன்று விஞ்சவில்லையென்றும் 2023இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியாயிற்று. சிகிச்சை ஏதுமின்றி இருந்தவர்கள் அதில் மூன்றாம் பிரிவாக இல்லாமையால், ஊசியின் மகிமை எவ்வளவு, ஆதரவாய் ஒருவர் அருகில் அமர்ந்ததன் மகிமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இச்செய்தியைச் சொன்ன டாக்டர் நண்பரே, சிதம்பரம் கீழவீதிப் பக்கம் குடியிருக்கும், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று அக்குபங்சர் செய்துவரும் ஓர் அம்மையாரிடம் என்னை அனுப்பினார்.

டாக்டர் பி.கே. பாசு சீனத்தில் கற்று 1959இல் கல்கத்தாவில் தொடங்கிவைத்த வித்தை இது என்பதோடு அம்மையார் சரித்திரத்தை முடித்துக்கொண்டார். உடலின் ஓட்டப் பாதைகளைப் பற்றி அவர் விரித்துரைத்தது என் புத்திக்கு எட்டாமையால் அதை விட்டுவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில் அவரோடு நான் சென்ற வீட்டில், நோய் முதுகெலும்புக்குப் பரவிய முதிய மீனவர் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் ஊசியைத் தொடுவதே இல்லையென்று, அம்மையார் முதலில் இரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். பிறகு ஸ்பிரிட் தடவி, உறையைக் கிழித்து, கால் மில்லிமீட்டர் கனமே உள்ள, துளையில்லாத, பிடியில் கம்பி சுற்றிய எஃகு ஊசியைச் சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் வைத்து, விரல்நுனியால் ஒரே தட்டுத் தட்டினார். குழாயை உருவிவிட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடியை இப்படியும் அப்படியுமாக உருட்டியபடி, "என்னங்கய்யா தெரியுது?" என்றார்.

"கனமா இருக்கும்மா. விர்ருனு பாதத்துக்கு எறங்குது."

நோய் குடிகொண்ட முதுகை அவர் தொடவேயில்லை. கைகளிலும் கால்களிலுமாக ஆறு ஊசிகள், அவ்வளவே.

"ராத்திரி மாத்திரை போட்டீங்களா?"

"ஒருத்தர் வந்து நிறுத்தச் சொன்னாரும்மா. வெரலால தொட்டே சரி பண்ணிடுவாங்களாம்."

நோயாளியின் வீட்டு வாசலைத் தேடிவரும் இந்தத் தரகு ஜாதியை எண்ணினால் என் சாந்தம் கலைகிறது. போதைப்பொருள் சட்டத்தின்படி மார்பின் வைத்துக்கொள்ளப் பல லைசென்ஸுகளுக்கு ஆஸ்பத்திரிகள் அலைந்த நிலை, 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் ஒருவாறு எளிதாயிற்று. அவ்வளவு பாடுபட்டு ஏழையின் வாய்க்கு வந்த மாத்திரையை, ஆங்கில மருந்து விஷம் என்னும் ஒரே வாக்கியத்தால் தட்டிப் பறித்து, கமிஷனையும் வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு, நடுநிசியில் அந்த உடம்பு படும் பாட்டைப் பற்றி என்ன கவலை? திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவதோடு, நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வேறு சேர்ந்து வாட்டும்.

அம்மையார் கோபப்படவில்லை. "ஊசி ஊசிதான், மாத்திரை மாத்திரைதான். அதை நிறுத்தினா இனிமே நான் வரமாட்டேன்" என்றார். இருபது நிமிஷம் கழித்து ஊசிகளை எண்ணி எடுத்துக் கெட்டியான டப்பாவில் போட்டார். காலையில் பத்துக்கு ஏழு என்றிருந்த வலியை இப்போது ஐந்து என்று பெரியவர் சொல்ல, நோட்டில் குறித்துக்கொண்டார். மீதி மார்பின் எத்தனை நாளைக்கு வரும் என்று அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, தீர்வதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிவரும்படி மகனிடம் சொல்லிவிட்டு, சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று எழுந்தார்.