வெற்றிலைக் கறை

வெள்ளை வேட்டியில் காய்ந்த பழுப்புச் சிவப்பு எங்கே தெரிந்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது வெற்றிலைதான், சோழவந்தானில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும், அகத்தி நிழலில் கொடியேறிய கொடிக்கால்களும், காலை வெயில் அந்த இலைகளுக்குள் புகுந்து பச்சையாகவே தரைக்கு வருவதும், வாய்க்கால் ஈரத்தோடு கலந்த காரமான வாசனையும், குத்தவைத்துக் கவுளி அடுக்கும் கிழவர்களுமாக ஒரு உலகமே அந்தக் கறைக்குப் பின்னால் இருக்கிறது. அய்யா நல்ல இலையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு ஓரம் கிழிந்ததைத்தான் தனக்கு எடுத்துக்கொள்வார், காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, தொடையில் ஒரு தரம் துடைத்துச் சுண்ணாம்பு தடவி, விரலில் மிஞ்சியதைத் திண்ணைத் தூணில் இழுப்பார், அந்தத் தூணின் ஒரு பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே கிடந்தது.

அறுபதைத் தாண்டிய பிறகு அவர் தன் வேட்டியைத் தானே துவைக்க ஆரம்பித்தார். விடிவதற்கு முன்பே பம்புசெட்டுக்குப் போய் அலசிக் காயப்போட்டுவிட்டு வருவார், அம்மா கேட்டால், "வெத்தலச் சாறு பட்டுருச்சு, ஒனக்கெதுக்குச் செரமம்" என்பார். இந்த வயதில் பெண்டாட்டிக்கு இப்படி இரங்குகிற மனுசனா என்று ஊரில் மெச்சினார்கள். பிறகு இடுப்பு வலி வந்தது, மண்வெட்டி பிடித்த முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்தார்கள்.

அந்த நாட்களில் அவர் ரயிலேறி மதுரைக்குப் போய்வந்ததை, டிரங்குப் பெட்டியில் கிடந்த லேகிய டப்பா பிற்பாடு சொன்னது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்து லாட்ஜுகளில் பரம்பரை வைத்தியர்கள் மாதம் ஒருநாள் வந்து தங்குவார்கள், பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் அவர்களுடைய போஸ்டர், படியேறும்போதே ஊதுபத்தியும் மூட்டைப்பூச்சி மருந்தும் கலந்து மூக்கில் ஏறும். நாற்பது சொட்டு ரத்தம்தான் ஒரு சொட்டு விந்து என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது, அப்படிப்பட்டவர் விந்தில் ரத்தத்தையே பார்த்தால் எதை நினைத்திருப்பார், யாரிடம் வாய் திறந்திருப்பார். அந்தத் திரவத்தில் பெரும்பங்கு விந்துப்பைகளிலும், மூத்திரப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது, அங்கே சின்ன ரத்தக்குழாய் ஒன்று கசிந்தாலே நிறம் மாறிவிடும் என்று அவருக்குச் சொல்ல லாட்ஜில் ஆளில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம், அய்யா வயதுக்காரர்கள் அப்போதும் அதை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பினாயில் வாடை, தூக்குவாளியில் ரசஞ்சோறு, வராந்தாவில் பாயோடு படுத்திருக்கும் துணையாட்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். மூத்திரத்திலோ விந்திலோ ரத்தம் வந்ததா என்று கேட்டார், அய்யா என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டர். கதவு சாத்தியபிறகுதான் அய்யா பேசினார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று எலும்புக்குப் போயிருந்தது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று அடங்கும் என்று 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டிய வழி, 1966-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த வழிதான், விதைகளை எடுத்தார்கள். வலி விட்டது, சில வருடம் கொடிக்காலுக்கு நடந்தார். ஆனால் எலும்புக்குப் போனதை அடக்கலாம், அழிக்க முடியாது.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் கொடிக்கால் இருந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். லாட்ஜ் வைத்தியர்கள் செல்போனுக்குள் குடிவந்துவிட்டார்கள், அதே லேகியம், அதே மிரட்டல். ஐம்பதைக் கடந்த நான் என் வேட்டியில் அந்த நிறத்தைப் பார்த்தபோது போய் உட்கார்ந்த கிளினிக்கில் ஏசி இருந்தது, டோக்கன் இருந்தது, பக்கத்து ஆள் எந்த ஊர் என்றுகூட யாரும் கேட்கவில்லை. டாக்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டார், நான் அய்யா மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன், அப்போதுதான் நிமிர்ந்தார். ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தார், பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது, கிருமித்தொற்றுக்கு மாத்திரை தந்து சில வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது இறங்கியிருந்தது, சுரப்பி வீங்கினாலும் அந்த எண் ஏறுமாம்.

விந்தில் ரத்தம் வருகிற பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, நாற்பதுக்குக் கீழே அநேகமாக அழற்சிதான், தானே அடங்கிவிடும், காசநோயும் ரத்தக்கொதிப்பும்கூடக் காரணமாகலாம். நாற்பதைத் தாண்டியபின் வந்தாலும், மறுபடி மறுபடி வந்தாலும், மூத்திரம் போவதில் சிரமமோ எலும்பு வலியோ சேர்ந்துகொண்டாலும், அப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்தப் புற்று இருந்திருந்தாலும், தள்ளிவைக்காமல் சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) போங்கள். என்ன நிறம், எப்போதிருந்து, எத்தனை தடவை என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள், மகன் பக்கத்தில் நின்றால் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.