பல்லுள்ளதும் பல்லில்லாததும்

திருகோணமலை.

அன்பின் தங்கச்சிக்கு,

 

ஆய்வுகூடத்தில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையை வைத்து வம்சமரம் கீறுவதாகவும், எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்கிறது என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கட ஸ்பேர்ம் திமிங்கிலத்தையே உதாரணமாக எடு. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுவதால், ஆழ்கடலில் இரைதேடுகிற அந்தப் பிராணி துறைமுகத்துக்குக் கிட்டவே வரும். 1980களின் தொடக்கத்தில் திமிங்கில ஆய்வாளர் ஹல் வைட்ஹெட் ஆட்கள் டியூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்து இங்கே அதன் பின்னால் திரிந்தார்கள். அதற்குக் கீழ்த்தாடை நிறையப் பல். நீலத்திமிங்கிலத்துக்குப் பல்லே இல்லை. மேல்தாடைத் தகடுகளால் கிரில்லை வடிகட்டித் தின்னும். ஆகவே ஸ்பேர்மைப் பல்லுள்ள டொல்பினோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பல்லை மட்டுமல்ல, மண்டையோட்டையும் பார்த்துத்தான்.

1993இல் மிலின்கோவிச், ஓர்ட்டி, மேயர் மூவரும் நேச்சர் இதழில் இதைக் கவிழ்த்தார்கள். இழைமணியின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசைப்படி ஸ்பேர்முக்கு டொல்பினைவிட நீலத்திமிங்கிலக் கூட்டமே நெருங்கிய சொந்தமாம்! கார்ல் வூஸ் 1977இல் ஆர்க்கியாவைத் தனிக் குலமாகப் பிரித்துக் காட்டியதும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யை வைத்துத்தானே. லேசில் தள்ளிவிட ஏலாது.

ஆனால் சிக்கல் அந்த ஆர்.என்.ஏ. மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. அது சில இடங்களில் மடிந்து தன்னோடு தானே சோடி சேர்ந்து தண்டாக நிற்கும். இடையில் வளையங்கள் தொங்கும். தண்டில் ஓர் எழுத்து மாறினால் எதிர்ச் சோடியும் மாறவேண்டும், அதனால் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். வளையத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எழுத்துகள் விழும், புதிதாக நுழையும்.

ஒரு தாளில் ‘ஜி ஏ சி யு ஏ’ என்று எழுது. கீழே ‘ஜி சி ஏ’. கீழ் வரியின் சியை மேல் வரியின் சிக்கு நேரே வைத்தால் எழுத்து மாற்றமே இல்லை, ஆனால் இரண்டு தனித்தனி இடைவெளி வரும். யுவுக்கு நேரே வைத்தால் ஒரே இடைவெளி, ஓர் எழுத்து மாற்றம். எது நடந்தது? இப்படி வரிசைகளை நேர்ப்படுத்தும்போது கணினிக்கு நீ கொடுத்த விதிதான் அதைத் தீர்மானிக்கும். மரம் அதற்குப் பிறகுதான்.

1998இல் செர்ச்சியோவும் டக்கரும் நேர்ப்படுத்தும் முறையை மாற்றிப் பார்த்தபோது அந்தப் புதிய சொந்தம் ஆட்டங் கண்டது. 2001இல் நிக்கைடோ குழு, மரபணுத்தொகுதிக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும் ரெட்ரோபோசன் துண்டுகளைத் தேடிப்போய், பல்லுள்ளவை எல்லாம் ஒரே கிளை என்று காட்டியது. மிலின்கோவிச் ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கிளைகள் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்துப் பிரிந்தவை. இடையில் சேர்ந்த தடயமே கொஞ்சம். துணிந்து சொன்னபடியால்தான் மற்றவர்கள் தோண்டினார்கள்.

அடுத்த முறை மரத்தோடு நேர்ப்படுத்திய வரிசையையும் அனுப்பு. வளையப் பகுதிகளை நீக்கி ஒருக்கால் ஓட்டிப் பார்த்து, எந்தக் கிளை இடம் மாறுகிறது என்று எழுது. என்னுடைய உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

அன்புடன்,
அண்ணா