நடப்போம், நிதானமாய் மூச்சு விடுவோம்!



இந்தக் கட்டுரை நடைப்பயிற்சியைப் பற்றியது. "நடக்கிறதில எழுத என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது.

எங்கள் திண்டுக்கல்லுக்கு நடை புதிதல்ல. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நத்தம் ரோட்டில் நின்று பாருங்கள். செட்டிநாட்டுப் பக்கமிருந்து காவடியோடு கூட்டம் கூட்டமாக வருவார்கள். எங்கள் ஊரைத் தாண்டியும் பழனிக்கு 60 கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். தாத்தா பாட்டிகள் கூட அசராமல் நடக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் பாக்கெட் கொடுக்கும் நாமோ, தெருமுக்கில் பால் வாங்க வண்டியை ஸ்டார்ட் செய்கிறோம்!

என் அப்பாவும் அப்படித்தான். மளிகைக் கடைக் கல்லாவில் 25 வருடமாக உட்கார்ந்திருப்பவர். போன வருடம் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "இதோட தினமும் நடக்கணும்" என்றார். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அந்தப் பத்துக் கோடியில் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கும்போதுதான் அந்த எண்ணிக்கை உறைக்கிறது.

நடந்தால் என்ன ஆகும்?

நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக் கொள்கின்றன. அமெரிக்காவில் 2013ல் வந்த ஒரு ஆய்வில், வயதானவர்களை ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடக்க வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு "கொஞ்சம் உலாத்திட்டு வா" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சரிதான்!

இதயத்துக்கும் நல்லது. லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் ஆராய்ந்து 1953ல் எழுதினார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களை விட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

தினம் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா? அவசியமில்லை. அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற, அடிகளை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம். அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். அவ்வளவுதான்.

சரி, மூச்சு விஷயத்துக்கு வருவோம்

அப்பாவின் நண்பர் ஒருவர், "மூச்சை வேக வேகமா இழுத்து விடுங்க, ஆக்ஸிஜன் ஏறும், சர்க்கரை எரிஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் அப்படியே செய்தார். நாலாவது நாள் தலை சுற்றி ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது ஒத்துக்கலைம்மா, மாத்திரையே போதும்" என்று நடையையே நிறுத்தப் பார்த்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அதனால் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கொரோனா காலத்தில் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல ஆரோக்கியமாக இருந்தால் 97, 98 என்று காட்டும். சும்மா இருக்கும்போதே ரத்தம் ஆக்ஸிஜனால் கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்ற இடம் இல்லை. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடுதான் அளவுக்கு மீறி வெளியேறும். அப்போது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும்.

அப்படியானால் ஆழ்ந்த மூச்சால் பயன் இல்லையா? இருக்கிறது! ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று, நுரையீரலின் நுண்ணறைகளுக்குப் போகாமல் குழாய்களிலேயே நின்றுவிடும். நிமிடத்துக்கு 12 தடவை அரை லிட்டர் இழுத்தால் மொத்தம் 6 லிட்டர். வீணானது போக 4.2 லிட்டர்தான் உபயோகம். அதே 6 லிட்டரை 6 தடவையில் ஒவ்வொரு லிட்டராக இழுத்தால் 5.1 லிட்டர் உபயோகம். குறைந்த மூச்சில் அதிக வேலை! அதோடு மெதுவான மூச்சு, முக்கியமாக நீளமாக வெளியே விடும் மூச்சு, இதயத் துடிப்பை நிதானப்படுத்தும், மனப் படபடப்பைத் தணிக்கும். பிரஷரும் ஓரளவு குறையும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, இழுக்கிறத விட விடுறதுதான் முக்கியம், மெதுவா விடுங்க" என்றேன். "கல்லாக் கணக்கு மாதிரியே சொல்ற" என்று சிரித்தார். மறுநாள் நானும் கூடவே போனேன்.

எங்கே நடப்பது?

மார்கழி விடியலில் ஓசோன் நிறைய இருக்கும், அது உடம்புக்கு நல்லது என்று பலரும் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். தரைக்கு அருகே ஓசோன் உண்டாவது வாகனப் புகை மீது வெயில் பட்டுத்தான். அதனால் விடியலில் அது குறைவு, மதியத்துக்கு மேல் அதிகம். நுரையீரலுக்கும் அது கெடுதல். அதிகாலை நல்லது என்பதற்குக் காரணம் குளிர்ச்சியும் வண்டிகள் குறைவாக இருப்பதும்தான். பனிக்காலத்தில் குப்பை எரித்த புகை தரையோடு தங்கிவிடும். அன்றைக்குக் கொஞ்சம் வெயில் வந்த பிறகு போவது மேல். நாங்கள் பஸ் போகும் ரோட்டை விட்டுவிட்டு மலைக்கோட்டை அடிவாரத் தெருக்கள் வழியாக நடக்கிறோம்.

எங்கள் வழிமுறை

1. முதல் 5 நிமிடம் மெதுவான நடை.
2. பிறகு கொஞ்சம் வேகம். பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.
3. மூச்சு மூக்கு வழியாகத்தான். மூக்கு தூசியை வடிகட்டும். 3 அடிக்கு இழுத்து 4 அடிக்கு விடலாம். திணறினால் எண்ணுவதை விட்டுவிடுங்கள்.
4. வயிறு முன்னால் வரும்படி இழுங்கள், தோளைத் தூக்காதீர்கள்.
5. முடித்ததும் உட்கார்ந்து 5 நிமிடம் நிதானமான மூச்சு.

நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இருப்பவர்களும், மில் பஞ்சுத் தூசியில் வேலை பார்த்து நெஞ்சு இறுக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் அப்பாவின் சராசரி சர்க்கரை 8.1லிருந்து 7.2க்கு இறங்கியிருந்தது. மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இப்போது மாடிப்படி ஏறும்போது அவருக்கு இரைப்பதில்லை. என் அம்மா மட்டும் இன்னும் மொட்டை மாடியிலேயே நடக்கிறார். "காலங்காத்தால தெருவில தனியா போனா ஏதாவது சொல்லுவாங்க" என்கிறார். பக்கத்து வீட்டு அத்தையும் இதையேதான் சொல்கிறார். அடுத்த வாரத்திலிருந்து இருவரையும் சேர்த்துக் கூட்டிப் போவதாக இருக்கிறேன்.

2023 நவம்பர் 4ல் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. பாதை போடுவது அரசாங்கத்தின் வேலை, நடப்பது நம் வேலை. உங்கள் வீட்டிலும் கல்லாவிலோ, டிவி முன்னாலோ உட்கார்ந்தே இருக்கும் ஒருவர் இருப்பார். "போய் நடங்க" என்று சொல்லாதீர்கள். "வாங்க, நடப்போம்" என்று கூப்பிடுங்கள். கட்டாயம் வருவார்கள்!