தாத்தார் செய்ய முதல் இதை வாசி

அன்புள்ள மகள் துளசிக்கு,

அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. ஹேர்னிங்கில் குளிர்தான் விடுகிறதாய் இல்லை.

ஈஸ்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் தட்டாகத் தாத்தார் வைக்கப்போகிறேன் என்று நீ சொன்னதும் அப்பா சிரித்தார். எனக்கு நித்திரை போய்விட்டது. மாமியார் வீட்டாரிடம் பெயர் எடுக்கப் பச்சை மாட்டிறைச்சிதானா கிடைத்தது உனக்கு? உன்னுடைய கத்தரிக்காய்க் குழம்பை உன் மாமனார் வழித்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேனே. அவர்களுக்காக எல்லாவற்றையும் மாற்றுகிறாயோ என்று ஒரு கவலை, வேறொன்றுமில்லை. சரி, நீ பிடித்த பிடியை விடமாட்டாய்.

பிள்ளையார் கோயிலுக்கு விரதம் பிடிக்கிறவள் இதற்கு வழி சொல்கிறாளே என்று நக்கலடிக்காதே. மாட்டிறைச்சியை வாயில் வைக்காமலே வேலை செய்த குசினியில் வருஷக்கணக்காக வெட்டிக் கொடுத்தவள் நான். உன் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான்.

பெட்டியில் விற்கும் அரைத்த இறைச்சியைத் தொடாதே. முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்தால் உள்ளே எல்லாம் கலந்துவிடும். அதனால்தான் அரைத்த இறைச்சியை 75 பாகை சூடு வரும்வரை சமைக்கச் சொல்கிறார்கள். இறைச்சிக்கடையில் தாத்தாருக்கு என்று சொல்லி, கொழுப்பில்லாத உள்தொடையை முழுத்துண்டாக அன்றைக்கே வாங்கு. வீட்டில் மேற்புறத்தை மெல்லச் சீவி எறி. பிறகு கத்தியையும் பலகையையும் கொதிநீரில் கழுவு. இறைச்சியை அரை மணித்தியாலம் பிரீசரில் வைத்தால் இறுகும், பொடியாகக் கொத்தச் சுகம். பிரிட்ஜ் 5 பாகைக்கு மேலே போகக்கூடாது. ஆட்கள் மேசையில் இருந்த பிறகே கொத்து.

கறுத்த பாண், பொடி வெங்காயம், கேப்பர்ஸ், பீற்றூட் ஊறுகாய், துருவிய பெபரோட் வேர், நடுவில் மஞ்சட்கரு. பெபரோட்டை மூக்கில் நீர் வரத் துருவு, கஞ்சத்தனம் வேண்டாம். டென்மார்க் முட்டையில் சல்மொனெல்லாப் பயம் குறைவுதான். என்றாலும் பாஸ்டராக்கிய மஞ்சட்கரு வாங்கு. கொப்பன்ஹேகன் நோமா உணவகத்தில் தாத்தாரைக் கையால் எடுத்துச் சாப்பிடக் கொடுத்தார்களாம். அதைக் கேட்டு அப்பாவுக்கு ஒரே புளுகம். நாங்கள் வந்த புதிதில் கையால் சாப்பிடுகிறதை ஒளித்தல்லவா செய்தோம்!

தேசிக்காய் விட்டால் கிருமி செத்துவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதே. பிரீசரும் ஈகோலைக் கிருமியைக் கொல்லாது. அதில் ஒரு கெட்ட வகை கொஞ்சம் போனாலே சின்னப் பிள்ளைகளினதும் வயதானவர்களினதும் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். ஆகையால் மாமியாரின் தாய்க்கும் மச்சாளின் குழந்தைக்கும் இதை வைக்காதே. கேட்டு அழுதாலும் கொடுக்காதே.

இன்னொன்று. கோப்பி மணம் பிடிக்கவில்லை என்று போன கிழமை சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, நீ சொல்லும்போது சொல். ஆனால் வயிற்றில் ஏதும் இருந்தால் பச்சை இறைச்சி உனக்கு ஆகாது, ருசி பார்க்கக்கூட வேண்டாம். உனக்கென்று அவித்த இறாலைப் பாணில் வைத்துக்கொள். ஏன் என்று யாராவது கேட்டால், அம்மா மாட்டிறைச்சி வேண்டாம் என்றுவிட்டா என்று என் தலையில் போடு.

அன்புடன்,
அம்மா